எனக்கும் மதிப்பெண் போடுங்கள்

மண் வேலை, அதாவது சக்கரத்தில் மண் பாத்திரம் வனைவது, கற்றுக்கொள்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது. "ரொம்ப நல்லது, மனசுக்கு நிம்மதியா இருக்கும்." உறவுக்காரர்கள், என்னோடு வேலை பார்த்த ஆசிரியைகள், பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து விசாரிப்பவர்கள், எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள், நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் என் பக்கத்துச் சக்கரத்தில் உட்கார்ந்திருக்கும் இருபத்து நான்கு வயதுப் பையனிடம் யாரும் நிம்மதியைப் பற்றிப் பேசுவதில்லை. அவனிடம் "அடுத்து என்ன பண்ணப் போறே, கண்காட்சி வைப்பியா, சொந்தமா ஸ்டூடியோ போடுவியா" என்று கேட்கிறார்கள். அதே மண், அதே சக்கரம், ஒரே கட்டணம். அவன் ஏதோ ஆகப் போகிறவன், நான் பொழுதைப் போக்க வந்தவள். இந்த வித்தியாசம் ரொம்ப நாளாக உள்ளே கிடந்து அரிக்கிறது. எழுதிப் பார்த்தால்தான் தெளியும் போலிருக்கிறது.

நான் விருத்தாசலத்தில் பிறந்து வளர்ந்தவள். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் வெள்ளைக் களிமண் எங்கள் ஊருக்கு வரும், ஃபியூஸ் கேரியராகவும் இன்சுலேட்டராகவும் பொம்மையாகவும் ஆகி லாரியேறிப் போகும். செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் உடைந்த பீங்கான் துண்டுகள் எங்கேயும் கிடக்கும், பாண்டி ஆட நாங்கள் சில்லு பொறுக்குவது அங்கேதான். செராமிக் படிப்பு சொல்லித்தர ஊரிலேயே அரசுக் கல்வி நிலையம் உண்டு. எங்கள் தெருப் பையன்கள் சிலர் அதில் சேர்ந்தார்கள். என்னைச் சேர்க்கலாம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பெண் பிள்ளை என்றால் பி.எஸ்சி., பி.எட்., டீச்சர் வேலை. அப்படித்தான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை ஆனேன். அதில் எனக்கு எந்த மனக்குறையும் கிடையாது, பிடித்துச் செய்த வேலை அது.

பிளஸ் டூவில் சிலிக்கேட்டுகள் பாடம் வரும். தாள் தாளாக அடுக்கிய அமைப்பைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். மண் ஏன் வளைந்து கொடுக்கிறது, இழுத்த இழுப்புக்கு ஏன் வருகிறது என்பதெல்லாம் அந்தப் படத்திலேயே இருக்கிறது. களிமண்ணில் இருக்கும் கயோலினைட் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத சின்னத் தட்டைகள். நடுவில் நீர்ப்படலம் இருக்கிற வரைக்கும் ஈரத்தில் ஒட்டிக்கொண்ட அப்பளங்கள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், பிரிந்து போகாது. இத்தனை வருஷம் இதைப் பாடமாகச் சொன்னேனே தவிர, அந்த வழுக்கல் விரலுக்குக் கீழே எப்படி இருக்கும் என்று தெரியாது. விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு, பெங்களூரில் இருக்கும் மகள் எனக்குப் பரிசாக ஒரு வார இறுதிப் பயிலரங்குக்குப் பணம் கட்டிவிட்டாள். இரண்டு மணி நேரம், ஆளுக்கொரு கப். எனக்குப் பின்னால் நின்ற பெண் என் கைமேல் தன் கையை வைத்து அவளே கப்பைத் தூக்கி முடித்தாள். நான் செய்த கப் என்று பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் நடுவில் ஒரு கணம் அவள் கையை எடுத்திருந்தாள், அந்த நேரத்தில் மண் என் விரலோடு மேலே ஏறி வந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கணத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமே நீண்ட காலப் பயிற்சி தரும் வேறொரு ஸ்டூடியோவில் சேர்ந்தேன். கடலூரிலிருந்து காலை பஸ், புதுச்சேரியில் மாறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

"சூப்பர் மேடம்"

ஸ்டூடியோவின் பெயர் இங்கே வேண்டாம். புதுச்சேரி, ஆரோவில் சுற்றுவட்டாரத்தில் ஏன் இத்தனை மண் வேலைக்காரர்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையில் படித்தவர்கள், அவர்களிடம் படித்தவர்கள், அவர்களுக்கும் அடுத்த தலைமுறை என்று நீண்டு வந்த தொடர்ச்சி இது. சவுக்குக் கட்டையை எரித்து 1300 டிகிரியை ஒட்டிக் கொண்டுபோய் ஸ்டோன்வேர், அதாவது கல் மாதிரி இறுகிய பாத்திரம், சுடுகிற மரபு. எங்கள் ஆசிரியரும் அந்த வழியில் வந்தவர்தான். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், கை அபாரம். நான் அவரைச் சார் என்பேன், அவர் என்னை மேடம் என்பார்.

ஒரு நாள் எல்லாருக்கும் ஒரே வேலை, அரை கிலோ மண்ணில் ஒரே அளவு உருளைகள். வளைவு கிடையாது, கைப்பிடி கிடையாது, நேர் சுவர் மட்டும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் மண் வேலைக்கு அரிச்சுவடியே இதுதான். சுவர் அடியிலிருந்து விளிம்புவரை ஒரே கனத்தில் ஏறவில்லை என்றால் உருளை உடனே காட்டிக் கொடுத்துவிடும். சாயங்காலம் ஆசிரியர் பலகை பலகையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் பக்கத்துப் பையன் ஆர்க்கிடெக்சர் முடித்துவிட்டு வந்தவன். அவன் பலகையில் நின்ற ஒவ்வொன்றையும் எடுத்தார், சுவரில் விரலை ஓட்டினார். "இங்க கனம் பாரு. இது ஆடுது. இதுல வாய் சரியில்ல." சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக நசுக்கி வாளியில் போட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது, பையனுக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. அப்புறம் என் பலகைக்கு வந்தார். ஒன்றைக்கூடக் கையில் எடுக்கவில்லை. "சூப்பர் மேடம், ரொம்ப அழகா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விட்டார்.

என் உருளைகள் அவனுடையதைவிடக் கனம். அது எனக்குத் தெரியும், பலகையைத் தூக்கி வைத்தவளே நான்தானே. அவன் உருளைகள் மண் வாளிக்குப் போக, என்னுடையவை அலமாரிக்குப் போயின. வகுப்பில் இருந்த மற்றவர்களும் "இந்த வயசுல இவ்வளவு செய்றீங்களே ஆன்ட்டி" என்று மனதாரச் சொன்னார்கள். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, பாராட்டுக் கேட்டவள் அழுவதா என்று எனக்கே ஆச்சரியம்.

ஆசிரியராக இருந்தவளுக்கு இது புரியாத விஷயம் இல்லை. வகுப்பறையில் யாரைத் திட்டுவோம்? இவன் இன்னும் பத்து மார்க் கூட எடுப்பான் என்று யார்மேல் நம்பிக்கை இருக்கிறதோ அவனைத்தான். விடைத்தாளில் சிவப்பு மை நிறைய விழுவது அவனுக்குத்தான். எதிர்பார்ப்பே இல்லாத இடத்தில் "பரவாயில்லம்மா, நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது, அப்படி நகர்ந்து போகும் ஆசிரியர்களை எல்லாப் பள்ளியிலும் பார்க்கலாம். அந்த நல்ல வார்த்தைக்குள்ளே "நீ இதுக்கு மேல போகப் போறதில்ல" என்கிற முடிவும் சேர்ந்தே இருக்கிறது. வயதானவர்கள் எந்த வகுப்பில் போய் உட்கார்ந்தாலும் இந்த நல்ல வார்த்தைதான் முதலில் கிடைக்கிறது. பாட்டு வகுப்பிலும் அப்படித்தான், கம்ப்யூட்டர் வகுப்பிலும் அப்படித்தான் என்று தோழிகள் சொல்கிறார்கள். மரியாதை என்ற பெயரில் நம்மைப் பாடத்துக்கு வெளியே உட்கார வைத்துவிடுகிறார்கள்.

இதற்கு உடம்பு ஒரு காரணம் என்பார்கள். எனக்குக் கட்டைவிரல் அடி மூட்டில் தேய்மானம் உண்டு, மழைக்காலத்தில் இட்லி மாவுப் பாத்திர மூடியைத் திறப்பதே பாடு. "மேடம், உங்களுக்கு எதுக்கு ஒரு கிலோ, கால் கிலோ எடுத்துக்குங்க, போதும்" என்று அக்கறையாகச் சொன்னார்கள். ஆனால் சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்துவது கைப்பலத்தால் நடக்கிற காரியமே இல்லை. முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, உடம்பின் எடையை உள்ளங்கை வழியாக மண்ணுக்குக் கொடுக்க வேண்டும். கை அசையாமல் நின்றால் போதும், சுற்றுகிற மண் தானாக வந்து அடங்கிவிடும். இளவயசுக்காரர்கள் முறை தெரியாமலேயே தோள் பலத்தில் அமுக்கிச் சமாளித்துவிடுகிறார்கள். என்னால் அப்படிச் சமாளிக்க முடியாது, எனக்கு முறை சரியாக வந்தே ஆக வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், வயதான மாணவருக்குக் கறாராகச் சொல்லித்தர வேண்டிய தேவை அதிகம், குறைவு இல்லை. இருக்கை உயரம் எவ்வளவு, முதுகு எங்கே வளைகிறது, முழங்கை எங்கே ஊன்றுகிறது என்று ஒருவர் பக்கத்தில் நின்று திருத்தினால் அறுபது வயதிலும் இரண்டு கிலோ மண் நடுவில் நிற்கும். கால் கிலோ கொடுத்து உட்கார வைப்பதில் எந்த உதவியும் இல்லை.

நாற்பது வயதில் ஒரு டீ பாட்

அந்த நாட்களில் இரவில் உட்கார்ந்து, என்னைப் போலப் பிந்தி மண்ணுக்கு வந்தவர்கள் யார் யார் என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். பியாட்ரிஸ் வுட் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கதையை மண் வேலைக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். 1893-இல் பிறந்தவர், நாடக நடிகையாக இருந்தவர். ஹாலந்துக்குப் போனபோது உலோகம் போல மினுங்கும் தட்டுகள் சிலவற்றை வாங்கி வந்தார். அதற்குப் பொருத்தமாக ஒரு டீ பாட் எங்கும் கிடைக்கவில்லை, சரி, நாமே செய்துவிடலாம் என்று 1933-இல் ஹாலிவுட் உயர்நிலைப் பள்ளியில் நடந்த மாலை வகுப்பில் சேர்ந்தார். அப்போது அவருக்கு நாற்பது. அப்புறம் ஆயுள் முழுக்க அதே வேலை. 1961-இல் இந்தியாவுக்கு வந்து போனார், பிறகு புடவைதான் அவருடைய உடை ஆகிவிட்டது. 105-ஆவது பிறந்தநாள் முடிந்து சில நாட்களில், 1998-இல் இறந்தார். நூறு வயதைத் தாண்டியும் வேலை செய்தார்.

இந்தக் கதையை எல்லாரும் "பாருங்க, வயசு ஒரு தடையே இல்ல" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது இடையில் வருகிற வேறொரு விஷயம். மாலை வகுப்போடு அவர் நிற்கவில்லை. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கிளென் லூக்கன்ஸிடம் போய்ப் படித்தார். வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா வந்த கெர்ட்ரூட், ஓட்டோ நாட்ஸ்லர் தம்பதியிடம் போய்ப் படித்தார். அந்தத் தம்பதியில் கெர்ட்ரூட் சக்கரத்தில் இழுத்த சுவர்கள் அவ்வளவு மெல்லியவை என்று பெயர் பெற்றவர், ஓட்டோ கிளேஸுக்கென்றே, அதாவது பாத்திரத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடி போன்ற பூச்சுக்கென்றே, வாழ்ந்தவர். இருவருமே பியாட்ரிஸைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர்கள். ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், தன்னைவிட இளையவர்களிடம், அந்தக் காலத்தின் ஆகக் கடுமையான தரத்துக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். அவர் தேடிப் போனது ஊக்கத்தை இல்லை. உலோக மினுக்கு வருகிற கிளேஸ் வேதியியலில் துல்லியமான வேலை, உலோக உப்புகள் கலந்த கிளேஸைச் சூளைக்குள் ஆக்சிஜனைக் குறைத்துச் சுட்டால்தான் உலோகம் மேற்பரப்பில் வெளிப்படும், கொஞ்சம் தப்பினால் வெறும் அழுக்கு நிறம்தான் கிடைக்கும். அதில் ஒருவர் பேர் எடுத்தார் என்றால், தோற்றதைத் தோற்றது என்று சொல்லக்கூடியவர்கள் அவரைச் சுற்றி இருந்திருக்க வேண்டும்.

ஜப்பானில் ஒட்டாகாகி ரெங்கெட்சு என்று ஒரு துறவி இருந்தார், 1791-இல் பிறந்து 1875-இல் மறைந்தவர். கணவரையும் குழந்தைகளையும் பறிகொடுத்து, கடைசியில் வளர்ப்புத் தந்தையும் போன பிறகு, நாற்பது வயதுக்கு மேல் வயிற்றுப்பாட்டுக்காக மண்ணை எடுத்தார். கையாலேயே சின்னச் சின்னத் தேநீர்ப் பாத்திரங்கள் பிடித்து, அவற்றின் மேல் தன் கவிதைகளைக் கீறினார். வாங்கத் தேடி வந்தார்கள், போலிகூடச் செய்து விற்கிற அளவுக்கு. அவரும் நிம்மதிக்காகச் செய்யவில்லை, சாப்பாட்டுக்காகச் செய்தார். சந்தையும் அவருக்குச் சலுகை கொடுக்கவில்லை.

அடி கனம்

கார்த்திகைக்கு முன்னால் அகல் வாங்க வில்லியனூர்ப் பக்கம் பானை செய்யும் ஒரு வேளார் வீட்டுக்குப் போயிருந்தேன். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு, அந்த ஊர்க் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, அதெல்லாம் செய்தித்தாளில் வந்ததுதான். நான் போனது சாதாரண வீடு, வாசலில் அகலும் சட்டியும் காய்ந்துகொண்டிருந்தன. வீட்டுக்காரர் சக்கரத்தில் இருந்தார், அவர் மனைவி ஒரு பானைக்கு அடி தட்டிக்கொண்டிருந்தார். நம் ஊர்ப் பானையின் வேலையே அப்படித்தானே. சக்கரத்தில் கழுத்தும் தோளும்தான் உருவாகும், அடிப்பக்கம் கனமாகவே இருக்கும். கொஞ்சம் இறுகிய பிறகு, உள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை உருட்டி, சுவரை மெலிதாக்குவார்கள். அந்த அம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. இடது கை பானைக்குள்ளே, வலது கையில் பலகை. பானையை மடியில் சுற்றிக்கொண்டே தட்டுகிறார், தட்டுகிற சத்தம் தொப்தொப்பென்று ஆரம்பித்து, சுவர் மெலிய மெலியக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் நிறுத்தினார். ஏன் அங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "சத்தம் சொல்லுதே" என்றார், அவ்வளவுதான்.

அன்று என் பையில் நான் செய்த குவளை ஒன்று இருந்தது. ஸ்டோன்வேர், இரும்பு கலந்த பச்சை கிளேஸ், சூளையில் நன்றாகவே வந்திருந்தது. ஸ்டூடியோவில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்ட குவளை. நானும் மண் வேலை கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி அதை நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். நிறத்தைப் பார்க்கவே இல்லை. உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் மேலும் கீழும் அசைத்தார். கவிழ்த்தார், நகத்தால் விளிம்பில் ஒரு தட்டு, நடுச்சுவரில் ஒரு தட்டு, அடியோடு சுவர் சேருகிற மூலையில் ஒரு தட்டு. திருப்பி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"அடி கனம் டீச்சர். மேல நல்லா இழுத்திருக்கீங்க, கீழ மண்ணு அப்படியே தங்கிப் போச்சு. இன்னொரு குவளைக்கு ஆகற மண்ணு இதுல சும்மா கெடக்குது."

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். அடியை அமுக்காமல் விட்டால் காயும்போது நடுவில் கீறல் விடும், இது தப்பித்துவிட்டது, எல்லாம் தப்பிக்காது. நான் அதுவரை வகுப்பில் கேட்டிராத விஷயம் இல்லை அது. பக்கத்துப் பையனுக்கு ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தது இதேதான். என்னிடம் யாரும் என் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதில்லை. அந்த அம்மா என் வயதைப் பார்க்கவில்லை, அவர் பார்த்தது குவளையைத்தான். "இந்த வயசுல" என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை, அவருக்கு என்னைவிட வயது கூட. மண்ணில் வயதாவது அவருக்கு ஒரு செய்தியே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது. பாராட்டுக்குக் கலங்கியவள், குறை சொன்னதற்குச் சிரித்துக்கொண்டே அகல் எண்ணி வாங்கினேன்.

கிளம்பும்போது, நீங்கள் சக்கரத்தில் உட்காருவீர்களா என்று கேட்டேன். "பொம்பளைங்க சக்கரத்துல உக்காரக் கூடாதுல்ல" என்று இயல்பாகச் சொன்னார். மண் வெட்டி வந்தால் கல் பொறுக்குவது, ஊற வைப்பது, மணல் சேர்த்து மிதிப்பது, அடி தட்டுவது, காய வைப்பது, சூளை அடுக்கக் கொடுப்பது, சந்தையில் விற்பது எல்லாம் அவர் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே வேலைதான். சக்கரம் மட்டும் இல்லை. நான் பணம் கட்டியவுடன் எனக்குக் கிடைத்த இருக்கை அது. இந்தியாவில் பல இடங்களில் இந்தத் தடை இருக்கிறது என்று படித்திருக்கிறேன், ஆனால் ஒரு குவளையை நகத்தால் தட்டியே எடைபோடத் தெரிந்தவரின் வாயிலிருந்து கேட்டபோது அன்று முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை.

அடுத்த வகுப்பில் நேராக ஆசிரியரிடம் போனேன். "சார், என் பலகையையும் அறுத்துப் பாருங்க" என்றேன். அவர் தயங்கினார். "எதுக்கு மேடம், நல்லாத்தானே இருக்கு." நான் கம்பியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். உருளையின் வாயிலிருந்து அடிவரை கம்பியை இழுத்தால் அது இரண்டு பாதியாக விழும், அப்போதுதான் சுவரின் வெட்டுமுகம் தெரியும். விளிம்பில் மூன்று, நாலு மில்லிமீட்டர். கீழே வர வர அகலம், மூலையில் ஒரு விரல் கனத்துக்கு மண். அந்த அம்மாவின் நகம் சொன்ன அதே இடம். ஆசிரியர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்து, முதல் இழுப்பிலேயே விரலைச் சக்கரத்தட்டோடு ஒட்டிக் கீழே கொண்டுபோய், அந்த மூலை மண்ணைப் பிடித்துக்கொண்டு மேலேற வேண்டும் என்று காட்டினார். என் கையைப் பிடித்துச் செய்யவில்லை. நான் செய்தேன், அவர் அறுத்தார். மறுபடி செய்தேன், மறுபடி அறுத்தார். அன்று சாயங்காலம் என் பலகையில் எதுவும் மிஞ்சவில்லை, வாளி நிறைந்திருந்தது. பக்கத்துப் பையன் "வெல்கம் ஆன்ட்டி" என்றான். நான் அந்த ஸ்டூடியோவில் மாணவியாகச் சேர்ந்த நாள் என்று எனக்குத் தோன்றுவது அதுதான்.

அதற்கப்புறம் எல்லாமே மாறியது என்று சொல்வேன். குறை சொல்லலாம் என்று ஆனவுடன் வேலை கொடுக்கலாம் என்றும் ஆகிவிட்டது. கிளேஸ் சோதனைகளை என்னிடம் விட்டார்கள். அங்கே என் பழைய பாடம் கைகொடுக்கிறது. இரும்பு ஒன்றிரண்டு சதவீதம் இருந்தால் ஆக்சிஜன் குறைந்த சூளையில் பச்சை, அதே சூளையில் அரை சதவீதச் செம்பு ரத்தச் சிவப்பு, காற்று தாராளமாகப் போனால் அதே செம்பு பச்சை. ஒவ்வொரு கலவைக்கும் ஒரு ஓடு, ஒவ்வொரு ஓட்டுக்கும் நோட்டில் ஒரு வரி. சூளையில் சூடு ஏறும்போது 573 டிகிரியைத் தாண்டுகிற நேரம் மணல் படிகம் உருமாறி விரியும், இறங்கும்போது திரும்பச் சுருங்கும், அவசரப்பட்டால் நல்ல பாத்திரமும் அங்கேதான் கீறும். அந்த எண்ணைப் புத்தகத்தில் படித்தவள், இப்போது சவுக்குக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருக்கிறேன். தூசி விஷயத்தில் மட்டும் நான்தான் எல்லாரையும் திட்டுகிறேன். காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது, சிலிக்கா நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். இதை வாசிக்கிறவர்களில் வீட்டிலேயே மண் வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து இதை மட்டுமாவது கேளுங்கள்.

குளிருமா?

பொங்கல் முடிந்த பிறகு மறுபடி வில்லியனூர்ப் பக்கம் போனேன். பொங்கல்வரை அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை, பேசவே முடியாது. இந்தத் தடவை புதிய குவளைகளும் மூடி போட்ட ஒரு ஜாடியும் கொண்டுபோனேன். அந்த அம்மா பழையபடியே அசைத்து, கவிழ்த்து, தட்டினார். "இப்ப பரவால்ல" என்றார். ஜாடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, "இதுல தண்ணி ஊத்தினா குளிருமா?" என்று கேட்டார்.

குளிராது. 1300 டிகிரிக்குப் பக்கத்தில் சுட்ட மண் கண்ணாடி மாதிரி இறுகிவிடும், மேலே கிளேஸ் வேறு. தண்ணீர் வெளியே கசியாது, கசிந்து ஆவியானால்தானே உள்ளே குளிரும். அவர்கள் திறந்த சூளையில் வைக்கோலும் விறகும் போட்டுக் குறைந்த சூட்டில் சுடும் பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய மிஞ்சியிருக்கும், கோடைக்கு அதுதான் வேண்டும். அவர் பானையில் இருப்பது குறைபாடு இல்லை, அந்த வேலைக்கு அதுதான் சரியான சூடு. நான் படித்துக்கொண்டிருப்பது மண் வேலையின் ஒரு பக்கம் மட்டும்தான் என்று அந்தக் கேள்வி காட்டியது. ஏரி வண்டலும் மணலும் எந்தக் கணக்கில் சேரும், சத்தத்தை வைத்துக் கனத்தை எப்படி அறிவது, கல்லும் பலகையும் எந்த இடத்தில் சந்திக்க வேண்டும், இதற்கெல்லாம் எங்கள் ஸ்டூடியோவில் பாடம் இல்லை.

எனக்கு அடி தட்டச் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். ஸ்டூடியோவுக்கு மாதம் எவ்வளவு கட்டுகிறேன் என்பதைச் சொல்லி, அதே தொகையை அவருக்கும் தருவதாகச் சொன்னேன். இதை நான் தர்மமாகச் சொல்லவில்லை, அங்கே சொல்லித்தருவதைவிட இங்கே சொல்லித்தருவது எந்த வகையிலும் மட்டம் இல்லை என்பதால் சொன்னேன். தொகையைக் கேட்டதும் அவர் வீட்டுக்காரர் சக்கரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா பதில் சொல்லாமல் என் காலைப் பார்த்தார், செருப்பைக் கழற்றச் சொன்னார்.

"மொதல்ல மண்ணு மிதிங்க. அது வந்தா பலகையத் தர்றேன். காசு அப்புறம் பேசிக்கலாம்."

இப்போது செவ்வாயும் வெள்ளியும் அங்கே போகிறேன், மற்ற நாட்களில் ஸ்டூடியோ. மிதிக்கிற மண்ணில் குதிகாலுக்குச் சின்னக் கல் ஒன்று தட்டுப்பட்டாலும் நிறுத்தி எடுக்க வேண்டும், எடுக்காமல் விட்டதைக் கண்டுபிடித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து மிதிக்கச் சொல்கிறார். பலகை இன்னும் கைக்கு வரவில்லை. காசு பேசியாகிவிட்டது, நான் சொன்ன தொகைக்குச் சம்மதித்தார், மாதம் பிறந்ததும் முன்பணமாக வாங்கிக்கொள்கிறார்.